ஏரிப் படிவுகள் காட்டும் பழங்கால நீர்மட்டமும் காலநிலையும்

ஏரிப் படிவுகள் என்பவை ஏரி, குளம், காயல் முதலிய நீர்நிலைகளின் அடியில் ஆண்டுதோறும் சேரும் மணல், வண்டல், களிமண், உப்புகள், உயிரின எச்சங்கள் ஆகியவற்றின் அடுக்குகள் ஆகும். பழைய அடுக்கு கீழேயும் புதிய அடுக்கு மேலேயும் இருக்கும். இந்த அடுக்குகளை வரிசையாக ஆராய்ந்தால், அந்த நீர்நிலையில் எப்போது நீர் நிறைந்திருந்தது, எப்போது வற்றியது, சுற்றிலும் காடு இருந்ததா புல்வெளி இருந்ததா என்பவற்றை அறியலாம். பழங்காலநிலையியல் என்னும் அறிவியல் துறைக்குக் கிடைக்கும் முதன்மையான சான்றுகளுள் ஏரிப் படிவும் ஒன்று.

இந்த அறிவு இன்று ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டமே எடுத்துக்காட்டு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 65 செ.மீ. அளவுதான். ஓராண்டு மழையைவிடக் கூடுதலான மழை ஒரே நாளில் கொட்டியதால் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது, குளங்கள் உடைந்தன, ஊர்கள் தனித்தனித் தீவுகளாயின. இப்படிப்பட்ட மழை நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமா, ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருமா? இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல்தான் தொடங்கப்பட்டது. சுமார் 150 ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது. மழைமானி வருவதற்கு முன்பும் மழை பெய்தது. அதன் கணக்கு சேற்றில் இருக்கிறது.

படிவு உருவாகும் முறை

ஒரு கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி வயல் மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்தால் என்ன நடக்கும்? சில நொடிகளில் மணல் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் படியச் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் ஆகும். களிமண் துகள்கள் நாள்கணக்கில் நீரில் மிதந்து, கடைசியில் மெல்லிய படலமாகப் படியும். துகள் பெரிதாக இருந்தால் விரைவில் மூழ்கும். சிறிதாக இருந்தால் மெதுவாக மூழ்கும். ஏரிப் படிவைப் படிப்பதற்கான முதல் விதி இதுவே.

ஒரு குளத்திலும் இதுதான் நடக்கிறது. கால்வாய் வழியாக வேகமாக வரும் நீர், குளத்துக்குள் நுழைந்தவுடன் வேகம் குறைகிறது. எனவே கனமான மணல் நீர்வரத்து வாயின் அருகிலேயே தங்கிவிடுகிறது. நடுப்பகுதிக்கும் மதகு ஓரத்துக்கும் மென்மையான வண்டலும் களிமண்ணும் மட்டுமே போய்ச் சேருகின்றன. தென் மாவட்டங்களில் வயலுக்கு அள்ளிப் போடும் 'கரம்பை' என்னும் கருமண் இவ்வாறு படிந்ததுதான். மக்கிய செடிகொடிகளும் நீர்வாழ் உயிர்களின் எச்சங்களும் கலந்திருப்பதால் அது கறுப்பாகவும் வளமாகவும் இருக்கிறது.

படியும் வேகம் நீர்நிலைக்கு நீர்நிலை மாறும். ஓர் ஏரியில் ஆண்டுக்கு 1 மி.மீ. வீதம் படிந்தால், 1 மீட்டர் தடிப்புள்ள படிவு 1,000 ஆண்டுகளைக் குறிக்கும். ஆற்று வெள்ளம் நேரடியாக வந்து சேரும் குளங்களில் இதைவிடப் பலமடங்கு வேகமாகப் படியும்.

ஆய்வாளர்கள் நீண்ட குழாயை ஏரியின் அடியில் செங்குத்தாக இறக்கி, அடுக்குகள் கலையாமல் மண் உருளையாக வெளியே எடுக்கிறார்கள். அந்த உருளையை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பாதுகாத்து வைத்து, மறுபாதியை ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக அறுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்.

நீர்மட்டத்தைக் காட்டும் அடையாளங்கள்

1. துகளின் அளவு

ஏரி நிறைந்திருக்கும்போது கரை நடுப்பகுதியிலிருந்து வெகுதொலைவில் இருக்கும். அப்போது நடுவில் களிமண் மட்டுமே படியும். நீர் குறையக் குறையக் கரை உள்நோக்கி நகரும். முன்பு ஆழமாக இருந்த இடம் இப்போது கரையோரம் ஆகிவிடும். அங்கே மணல் படியத் தொடங்கும். எனவே நடுப்பகுதியில் எடுத்த உருளையில் களிமண்ணின் மேல் படிப்படியாக மணல் கூடிக்கொண்டு வந்தால், அந்தக் காலத்தில் நீர்மட்டம் இறங்கியது என்று பொருள்.

வெள்ளமும் மணலைக் கொண்டுவரும் என்பதால் இங்கே கவனம் வேண்டும். வெள்ள மணல் மெல்லிய ஒற்றை அடுக்காக இருக்கும். அதன் அடிவிளிம்பு கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக இருக்கும். கீழே பருமணல், மேலே நுண்மணல், அதற்கும் மேலே மீண்டும் வழக்கமான களிமண் என அமையும். புட்டியில் நாம் பார்த்த அதே வரிசை. நீர்மட்டம் இறங்கியதால் வந்த மணலோ பல சென்டிமீட்டர் தடிப்பில் மெல்ல மெல்ல மாறும். வேர்த்தடங்களும் வெடிப்புகளும் உடன் இருக்கும்.

2. உப்புகள்

தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றவிடும்போது எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட் படியும். நீரின் அளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் கட்டத்தில் ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். அதனால்தான் உப்பளத்தில் நீரை ஒரு தொகுதிப் பாத்திகளிலிருந்து அடுத்த தொகுதிக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

வெளியே வடிகால் இல்லாத ஏரி ஒன்று வற்றும்போதும் இதே தத்துவம்தான். படிவில் சுண்ணாம்பு மட்டும் இருந்தால் நீர் ஓரளவு குறைந்திருந்தது. ஜிப்சம் இருந்தால் மிகவும் குறைந்திருந்தது. சோற்றுப்பு இருந்தால் ஏரி கிட்டத்தட்ட உப்பளமாகவே மாறியிருந்தது. எந்த உப்பு எந்த வரிசையில் படியும் என்பது அந்த ஏரி நீரில் கரைந்துள்ள பொருள்களைப் பொறுத்துச் சிறிது மாறும்.

3. நுண்ணுயிர் எச்சங்கள்

டயாட்டம் என்பது சிலிக்கா ஓடுடைய ஒருசெல் பாசி. அதன் இனங்களுள் சில நன்னீரில் மட்டும் வாழும், சில உவர்நீரில் மட்டும் வாழும். சில ஆழமான நீரில் மிதந்து வாழும், சில ஆழமற்ற நீரின் தரையில் ஒட்டி வாழும். பாசி இறந்த பிறகும் ஓடு அழியாமல் படிவில் தங்கும். நுண்ணோக்கியில் இனங்களை எண்ணினால் நீர் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு உப்பாக இருந்தது என்பதை மதிப்பிடலாம். விதை போன்ற இரட்டை ஓடுடைய ஆஸ்ட்ரகாடு என்னும் சிற்றுயிரிகளும், நத்தை ஓடுகளும் இதே பணியைச் செய்கின்றன. கடலோரக் காயல்களில் போராமினிபெரா என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் கிடைத்தால் கடல்நீர் உள்ளே வந்திருந்தது என்று அறியலாம்.

4. ஆக்சிஜன் ஐசோடோப்புகள்

நீரில் உள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி நிறை எண் 16 கொண்டது. மிகச் சிறு பகுதி நிறை எண் 18 கொண்டது. வெயிலில் நீர் ஆவியாகும்போது இலகுவான ஆக்சிஜன்-16 கொண்ட மூலக்கூறுகள் சற்று எளிதாக வெளியேறுகின்றன. எனவே ஏரி வற்ற வற்ற எஞ்சிய நீரில் ஆக்சிஜன்-18-இன் விகிதம் கூடும். அந்த நீரில் வாழும் நத்தை தன் ஓட்டைக் கட்டும்போது அதே விகிதத்தின் அடையாளம் ஓட்டில் பதிந்துவிடும். நத்தை இறந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் அந்த ஓட்டை ஆய்ந்து, அது வாழ்ந்த காலத்தில் ஆவியாதல் மிகுந்திருந்ததா என்று சொல்ல முடியும்.

5. வெடிப்பும் இடைவெளியும்

ஏரி முழுவதும் காய்ந்தால் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில் காற்று அடித்துவரும் மணல் நிரம்பும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரிகளை ஒட்டி இத்தகைய இடங்களைக் காணலாம். தேரி என்பது இரும்பு ஆக்சைடால் சிவந்த மணற்பரப்பு. அப்பகுதியில் 'தருவை' என்று அழைக்கப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வறண்டுவிடும். இப்படிப்பட்ட நீர்நிலையின் படிவில் சாம்பல் நிறக் களிமண் நீரிருந்த காலத்தையும், செம்மணல் காற்று வீசிய வறண்ட காலத்தையும் குறிக்கும்.

காய்ந்த தரையில் புதிய படிவு சேராது. இருக்கும் படிவையும் காற்று அரித்துச் செல்லும். எனவே கடும் வறட்சி சில வேளைகளில் அடுக்காகப் பதிவாகாமல், விடுபட்ட அடுக்காகவே பதிவாகிறது. கிழிந்துபோன பக்கமும் ஒரு செய்திதான்.

தாவரங்களைக் காட்டும் அடையாளங்கள்

மகரந்தத்தூளின் வெளியுறை மிகவும் உறுதியானது. காற்று படாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருக்கும். பல தாவரப் பேரினங்களின் மகரந்தம் தனி வடிவம் உடையது என்பதால், சுற்றுப்புறத்தில் சோலைக்காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா, பயிர் செய்தார்களா என்று கண்டறியலாம். இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட நிறுவனம் லக்னோவில் 1946-இல் பீர்பால் சாஹ்னி நிறுவிய தொல்தாவரவியல் நிறுவனம். இன்று அது அவர் பெயராலேயே பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் எனப்படுகிறது.

மற்றொரு அடையாளம் கார்பன் ஐசோடோப்பு. மரங்களும் நெல் போன்ற பயிர்களும் ஒளிச்சேர்க்கையில் ஒரு வழியைப் பின்பற்றுகின்றன. இவை சி3 தாவரங்கள். சோளம், கரும்பு, வெப்பமண்டலப் புற்கள் பலவும் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. இவை சி4 தாவரங்கள். பிந்தையவை வறட்சியை நன்கு தாங்கும். இரு வகையிலும் கார்பன்-13-இன் விகிதம் வெவ்வேறாக இருப்பதால், மக்கிய மண்ணை ஆய்ந்தே அங்கே எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று சொல்லலாம். படிவில் கிடைக்கும் கரித்துகள்கள் காட்டுத் தீயையோ மனிதர் மூட்டிய தீயையோ காட்டும்.

காலத்தைக் கணித்தல்

அடுக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதாது. எப்போது சொன்னது என்றும் தெரிய வேண்டும். இதற்குப் பல முறைகள் உள்ளன.

- கார்பன்-14 முறை: 1940-களின் இறுதியில் வில்லார்டு லிபி உருவாக்கியது, இதற்காக அவர் 1960-இல் நோபல் பரிசு பெற்றார். கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். இலை, விதை, கரித்துண்டு போன்றவற்றின் வயதைச் சுமார் 50,000 ஆண்டுகள் வரை அளக்கலாம்.
- ஈயம்-210 முறை: இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகள். கடந்த 100 முதல் 150 ஆண்டுகளில் சேர்ந்த படிவுக்கு ஏற்றது.
- சீசியம்-137: இது இயற்கையில் கிடைப்பதில்லை. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவியது. படிவில் இதன் உச்சம் உள்ள இடம் 1963-ஐ ஒட்டியது என்று கொள்ளலாம்.
- ஒளிர்வு முறை: மணல் துகள் கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டது எப்போது என்பதை அளக்கும். கரிமப் பொருள் இல்லாத மணல் அடுக்குகளுக்கு இது உதவும்.

ஒரே உருளையில் இரண்டு மூன்று முறைகளைப் பயன்படுத்தி ஒன்றோடொன்று ஒப்பிடுவது வழக்கம்.

தாமிரபரணிக் கழிமுகமும் கொற்கையும்

படிவு நிலத்தையே மாற்றும் என்பதற்குத் தமிழர் அறிந்த சிறந்த சான்று கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரியின் கார்பன்-14 காலக்கணிப்பு கி.மு. 785-ஐ ஒட்டி அமைந்தது.

கடல் ஏன் விலகியது? திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விளக்கம் தந்தார். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தில் படிந்து படிந்து கரையைக் கிழக்கே தள்ளியது. கொற்கை தூர்ந்தபோது வணிகம் காயலுக்கு மாறியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம் அதுவே. காயலும் தூர்ந்து இன்று பழையகாயல் என்னும் ஊராக உள்நாட்டில் நிற்கிறது. போர்ச்சுகீசியர் வந்த 16-ஆம் நூற்றாண்டு முதல் தூத்துக்குடி தலையெடுத்தது. 'காயல்' என்ற சொல்லே கடலோடு தொடர்புடைய உவர்நீர்ப் பரப்பைக் குறிப்பது என்பது கவனிக்கத்தக்கது. ஊர்ப்பெயர் அந்த இடத்தின் பழைய நீர்நிலையைச் சொல்லிவிடுகிறது.

இத்தகைய கழிமுகத்தில் துளையிட்டால் எதிர்பார்க்க வேண்டிய வரிசை இது: அடியில் கடற்சிப்பிகளும் போராமினிபெராவும் கொண்ட மணல், அதன்மேல் உவர்நீர்க் காயலின் கருங்களிமண், அதற்கும் மேல் நன்னீர் டயாட்டம் கொண்ட ஆற்று வண்டல். இந்த மாற்றம் நிகழ்ந்த ஆழத்தில் கிடைக்கும் கரியின் வயதை அளந்தால், கடல் அந்த இடத்தை விட்டு அகன்ற காலம் தெரியும்.

ஆனால் கடம்பாகுளம், கோரம்பள்ளம் குளம், பேய்க்குளம் போன்ற பாசனக் குளங்களின் மேற்படிவை மட்டும் வைத்து ஆயிரம் ஆண்டு மழையைக் கணக்கிட முடியாது. இவற்றின் நீர்மட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. அணைக்கட்டும் மதகும் தீர்மானிக்கின்றன. தாமிரபரணிக்குப் பொதிகை மலையில் பெய்யும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நீர் தருகின்றன. எனவே தூத்துக்குடியில் மழை பொய்த்த ஆண்டிலும் குளம் நிறையலாம். மேலும், குளங்கள் காலங்காலமாகத் தூர்வாரப்பட்டவை. வெள்ளத்தின் தனித்தனி மணல் அடுக்குகளை அறிய இவை உதவலாம். நெடுங்கால வரலாற்றுக்கு மனிதர் கைபடாத நீர்நிலைகளைத் தேடிப் போக வேண்டும்.

மலைகளில் கிடைத்த பதிவுகள்

தமிழ்நாட்டில் அத்தகைய இடங்கள் மலைகளில் உள்ளன. அங்கும் எல்லா ஏரிகளும் பயன்படா. உதகை ஏரி 1820-களிலும் கொடைக்கானல் ஏரி 1863-இலும் மனிதர் அமைத்தவை. அவற்றின் படிவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகாது.

நீலகிரியில் உதகைக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் இயற்கையான சதுப்பு உண்டு. அங்கே செடிகொடிகள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பீட் எனப்படும் கரிய படிவாகியுள்ளன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய ஆய்வாளர்கள் இதன் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியில் சி4 புற்கள் மிகுந்திருந்தன, பருவமழை குறைந்திருந்தது. பனியுகம் முடிந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தபோது சி3 தாவரங்கள் பெருகின. பின்னர் மீண்டும் வறண்ட காலம் வந்தது. பனியுகத்தில் காற்றில் கார்பன் டைஆக்சைடு குறைவாக இருந்ததும் சி4 புற்களுக்குச் சாதகமானது என்பதால், அந்த மாற்றம் முழுவதையும் மழையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கொடைக்கானல் மலையில் உள்ள குக்கல் ஏரியின் படிவுகளை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். மகரந்தத்தையும் வேதிப் பொருள்களையும் கொண்டு சுமார் 9,000 ஆண்டுக் கால மாற்றங்களை அவர்கள் வரைந்தனர். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையின் நடுமலையில் உள்ள ஓட்டன் சமவெளிச் சதுப்பில் கிடைத்த மகரந்தமும் பனியுக உச்சத்தில் அங்கு வறட்சி நிலவியதைக் காட்டுகிறது. கடலின் இருபுறமும் உள்ள மலைகள் ஒரே செய்தியைச் சொல்லும்போது அச்செய்தியின் நம்பகத்தன்மை கூடுகிறது.

வட இந்தியா: ஒரு விவாதத்தின் கதை

ஏரிப் படிவுகள் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லா என்பதை இராசத்தான் ஏரிகள் பற்றிய ஆய்வுகள் நன்கு காட்டுகின்றன. குர்தீப் சிங் என்பவர் 1970-களில் சாம்பார், தீத்வானா, லூன்கரன்சர் ஆகிய உப்பேரிகளின் மகரந்தத்தை ஆராய்ந்தார். மழை மிகுந்த காலத்தில் சிந்துவெளி நகரங்கள் தழைத்தன, மழை குறைந்தபோது சிதைந்தன என்ற கருத்தை அவர் முன்வைத்தார். 1999-இல் யெஹூதா என்சல் குழுவினர் லூன்கரன்சர் ஏரியை மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினர். அந்த ஏரி ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டதாக அவர்கள் கண்டனர். சிந்துவெளியின் பெருநகரங்கள் எழுந்தது சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்னர். அதாவது நகரங்கள் தழைத்தபோது அந்த ஏரி ஏற்கெனவே காய்ந்திருந்தது.

2014-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யாமா தீட்சித் குழுவினர் அரியானாவிலுள்ள கோட்லா தஹர் என்னும் பழைய ஏரியின் நத்தை ஓடுகளை ஆராய்ந்தனர். ஆக்சிஜன்-18-இன் விகிதம் சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் திடீரென உயர்ந்திருந்தது. இது கோடைப் பருவமழை வலுவிழந்ததைக் காட்டுகிறது. சிந்துவெளி நகரங்கள் தேயத் தொடங்கிய காலத்தோடும் ஒத்துப்போகிறது.

மராட்டியத்தில் விண்கல் மோதி உருவான லோனார் ஏரியின் படிவில் கேலுசைட் என்னும் சோடியம்-கால்சியம் கார்பனேட் படிகங்கள் கிடைத்தன. ஏரி நீர் மிகவும் சுருங்கி உப்புச் செறிவு கூடும்போதே இவை தோன்றும். சுமார் 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும் இவை மிகுந்திருந்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மூன்று ஏரிகளும் ஒரே தேதியைச் சொல்லவில்லை. லூன்கரன்சர் பாலைவனத்தின் விளிம்பில் உள்ளது. மழை சற்றுக் குறைந்தாலே வற்றிவிடும். கோட்லா தஹர் கூடுதல் மழை பெறும் இடத்தில் உள்ளது. வற்றுவதற்குப் பெரிய மாற்றம் தேவை. ஒவ்வோர் ஏரிக்கும் அதன் தாங்குதிறன் உண்டு. ஒரே ஏரியின் குரலை நாடு முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது என்பதே இவ்விவாதத்தின் பாடம்.

தவறாகப் படிக்கும் வாய்ப்புகள்

- சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் உள்ள நீரில் பழைய கார்பன் கரைந்திருக்கும். அந்நீரில் வாழ்ந்த நத்தையின் ஓடு உண்மை வயதைவிட முதியதாகத் தோன்றும். எனவே நிலத் தாவரத்தின் இலை, விதை ஆகியவற்றின் வயதையே ஆய்வாளர்கள் விரும்புகிறார்கள்.
- புழுக்களும் நண்டுகளும் சேற்றைத் துளைத்து அடுக்குகளைக் கலக்கும். மாடுகள் இறங்கும் குளத்தில் மேலடுக்குகள் நம்பத்தக்கவை அல்ல.
- படிவில் மண் திடீரெனக் கூடினால் மழை கூடியது என்று மட்டும் கொள்ள முடியாது. மேட்டில் காட்டை அழித்திருந்தாலும் மண் அரித்து வரும். மகரந்தமும் கரித்துகளும் எது காரணம் என்று பிரித்துக் காட்டும்.
- கடலோரத்தில் மணல் அடுக்கு ஆற்று வெள்ளத்தாலும் வரலாம், கடலாலும் வரலாம். இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு அருகில் உள்ள கரகன் காயலில் 2004 ஆழிப்பேரலை விட்டுச் சென்ற மணலுக்குக் கீழே, சேற்று அடுக்குகளுக்கு இடையே, பழைய ஆழிப்பேரலைகளின் மணல் அடுக்குகள் பல கண்டறியப்பட்டன. கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருக்கின்றனவா என்று பார்த்தே இரண்டையும் வேறுபடுத்துகிறார்கள்.

தூர்வாரலும் அழியும் பதிவும்

தமிழ்நாட்டுக் குளங்களைத் தூர்வாருவது தேவையான பணி. வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும். மழை பெய்யும்போது குளம் விரைவில் மறுகால் பாயும் அல்லது உடையும். கோடையில் நீர் இருக்காது. 2017 முதல் குடிமராமத்துத் திட்டத்தின்கீழ் பல குளங்கள் தூர்வாரப்பட்டன. விவசாயிகள் வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அரசு அனுமதிக்கிறது. வயலுக்கு அது நல்ல உரம்.

அதே மண்தான் நாம் மேலே கண்ட பதிவேடும். பொக்லைன் இயந்திரம் ஒரு நாளில் அள்ளும் ஒரு மீட்டர் வண்டலில் பல பத்தாண்டுகளின், சில குளங்களில் பல நூற்றாண்டுகளின் வெள்ளமும் வறட்சியும் வரிசையாக இருக்கலாம். லாரியில் ஏற்றிய பிறகு அந்த வரிசையை எவராலும் மீட்க முடியாது. இதற்காகத் தூர்வாரலை நிறுத்த வேண்டியதில்லை. தோண்டுவதற்கு முன் குளத்தின் ஆழமான பகுதியில் ஒன்றோ இரண்டோ மண் உருளைகளை எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, அருகில் உள்ள பல்கலைக்கழக நிலவியல் துறையில் பாதுகாத்தால் போதும். இதற்கு ஒரு நாள் வேலையும் சில குழாய்களும்தான் தேவை. 2023 வெள்ளம் தாமிரபரணிக் குளங்களில் விட்டுச் சென்ற மணல் அடுக்கு, தேதி உறுதியாகத் தெரிந்த ஓர் அடுக்கு. அதன் தடிப்பையும் துகளளவையும் அளந்து வைத்தால், கீழே உள்ள பழைய மணல் அடுக்குகளை அதனோடு ஒப்பிட்டு, இத்தகைய வெள்ளம் முன்பு எத்தனை முறை வந்தது என்று எண்ண வழி பிறக்கும். பாலத்தின் உயரத்தையும் கரையின் வலிமையையும் தீர்மானிப்பவர்களுக்கு அந்த எண் வேண்டும்.

பள்ளி, கல்லூரி மாணவர்களும் இதில் பங்கு பெறலாம். ஊரில் கிணறு வெட்டும்போதும், குளம் தூர்வாரும்போதும் பாதுகாப்பான தொலைவில் நின்று, வெட்டுமுகத்தில் தெரியும் அடுக்குகளின் நிறம், தடிப்பு, துகள், சிப்பிகள் ஆகியவற்றைக் குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கலாம். மேலிருந்து கீழாக ஒரு நெடுக்குப் படம் வரைந்து, ஊர்ப் பெரியவர்கள் நினைவில் உள்ள வெள்ள ஆண்டுகளையும் பஞ்ச ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதலாம். இடம், நாள், ஆழம் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாள் பிற்காலத்து ஆய்வாளருக்குப் பயன்படும்.